பாலியெஸ்டர் பளபளப்புப் பூச்சு உள்ள பியானோவில் கீறல், சில்லு, விரிசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகம் தெரியும் அளவுக்கு மின்னும் கறுப்புப் பியானோக்களின் மேல்பூச்சு பெரும்பாலும் பாலியெஸ்டர் என்ற செயற்கை ரெசின் (பிசின்). கார் பெயிண்ட் பழுது பார்க்கும் முறையோ மரச்சாமான் பாலிஷ் முறையோ இதற்கு அப்படியே ஒத்துவராது. சரியான பொருளும் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான சேதங்களை எங்கே இருந்தது என்று தேடும்படி மறைத்துவிடலாம். அவசரப்பட்டால் சின்னச் சில்லு உள்ளங்கை அகல அலையாக மாறிவிடும்.

என் பியானோவில் இருப்பது பாலியெஸ்டர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இது தெரியாமல் எதையும் தொடாதீர்கள். பியானோவின் பின்பக்கமோ காலின் உள்பக்கமோ, கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் தொட்டு அரை நிமிடம் வைத்து எடுங்கள். அந்த இடம் பிசுபிசுத்தால் அது அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பாலியெஸ்டராகவோ பாலியுரேத்தேனாகவோ இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக்காட்டுவது தடிமன்தான். ஏற்கெனவே சில்லு பெயர்ந்த இடம் இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். கண்ணுக்கே தெரியும்படி ஒரு படி இருந்து, உடைந்த முகம் கண்ணாடி உடைந்ததுபோல் வளைந்து மின்னினால் அது பாலியெஸ்டர்.

வயதும் ஓரளவு வழிகாட்டும். 1920களுக்கு முன் செய்தவை அரக்கு, எண்ணெய் வார்னிஷ் காலத்தவை. அதன்பின் லேக்கர் பரவியது. 1960களிலிருந்து ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பாலியெஸ்டர் இடம்பிடித்தது. யமஹா, கவாய் நிறுவனங்களின் பளபளப்புக் கறுப்புப் பியானோக்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். ஸ்டெயின்வேயிலேயே ஹாம்பர்க் தொழிற்சாலையில் செய்தவை பாலியெஸ்டர். நியூயார்க்கில் செய்தவை நெடுங்காலம் லேக்கரில்தான் வந்தன. பழைய தேவாலயங்களிலும் கிளப்புகளிலும் நிற்கும் பிரிட்டிஷ் பியானோக்களில் இந்தப் பக்கத்தில் சொல்லும் எதையும் செய்து பார்க்காதீர்கள். அவற்றின் வேலை வேறு.

பாலியெஸ்டரில் அப்படி என்ன தனி?

தடிமனும் கடினமும். தொழிற்சாலையில் பல தடவை ஸ்பிரே செய்து, தேய்த்து மட்டமாக்கியபின் எஞ்சுவது சுமார் அரை மில்லிமீட்டரிலிருந்து 1 மி.மீ. வரை. காரின் மேலுள்ள கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அதனால் பாலியெஸ்டரில் கீறலைத் தேய்த்தெடுக்க இடம் இருக்கிறது. ஆனால் அது வளைந்துகொடுக்காது. கீழே மரம் அசைந்தாலோ ஓரத்தில் அடிபட்டாலோ நசுங்காமல் உடையும்.

ஒருமுறை இறுகிவிட்டால் எந்தத் தின்னரிலும் கரையாது. லேக்கரில் புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதனுடன் ஒன்றிவிடும். பாலியெஸ்டரில் அது நடக்காது. புதிது பழையதைப் பற்றிக்கொள்வது நீங்கள் உப்புத்தாளால் உண்டாக்கும் சொரசொரப்பை வைத்து மட்டுமே. பழுது பெயர்ந்துவந்துவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதை மறந்ததுதான் காரணம்.

இந்தக் கீறல் பாலிஷில் போகுமா, தேய்க்க வேண்டுமா, நிரப்ப வேண்டுமா?

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகத்துக்குத் தெரியவே இல்லையென்றால் காம்பவுண்ட் (நுண்துகள் கலந்த தேய்ப்புப் பசை) போட்டுப் பாலிஷ் செய்தால் போகும். நகம் லேசாகத் தட்டினால் உப்புத்தாள் வேண்டும். நகம் மாட்டி நின்றாலோ கீறலின் அடியில் வெள்ளையாகவோ மரநிறமாகவோ தெரிந்தாலோ நிரப்பித்தான் ஆக வேண்டும். அவ்வளவு ஆழக் கீறலைத் தேய்த்தே எடுக்கப் பார்த்தால் அந்த இடம் பள்ளமாகும். கறுப்புப் பளபளப்பில் பள்ளம் கீறலைவிட மோசமாகத் தெரியும்.

சாய்ந்து பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். ஏன்?

உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்ததுதான் காரணம். தூசியில் இருக்கும் மணல்துகள் பாலியெஸ்டரைவிடக் கடினம். நுரைப் பஞ்சில் சிலிக்கோன் கலக்காத மிக நுண்ணிய பாலிஷ் சிறிதளவு எடுத்து, ஓரடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, நேர்கோட்டில் முன்னும் பின்னும் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். கையால் செய்யும்போது வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

எந்த நம்பர் உப்புத்தாளில் தொடங்குவது?

கீறலை எடுக்கக்கூடிய தாள்களில் எது மிக நைசானதோ அதில் (நம்பர் கூடக் கூட நைசு). நகத்துக்கு லேசாகத் தெரியும் கீறலுக்கு 1200. அது இருபது முப்பது இழுப்பில் அசையவில்லை என்றால் 1000, பிறகு 800. அதற்குக் கீழே போக வேண்டிய கீறலை நிரப்புவதே நல்லது. 800ல் தொடங்கினால் 1000, 1200, 1500, 2000 என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் அதன் கோடுகள் பாலிஷ் முடிந்தபின் பளிச்சென்று தெரியும். திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள். விரல் படும் இடங்களில் வாய்க்கால் விழும். கெட்டியான ரப்பர் அல்லது கார்க் கட்டை வேண்டும். வாட்டர் பேப்பரை (ஈரமாகத் தேய்க்கும் உப்புத்தாள்) பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக்கொள்ளுங்கள். ஒரு நம்பரை ஒரே திசையில் தேய்த்தால் அடுத்த நம்பரை அதற்குக் குறுக்குத் திசையில் தேயுங்கள். முந்தைய நம்பரின் கோடுகள் முழுக்க மறைந்ததா என்று தெரிய வேறு வழி கிடையாது. நம்பர் மாற்றும்போது தண்ணீரையும் துணியையும் மாற்றுங்கள். 800ன் ஒரு துகள் 2000 தாளுக்கு அடியில் மாட்டினால் போதும், மொத்தமும் பாழ்.

தேய்க்கும்போது வரும் சேற்றின் நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பாக வந்தால் பூச்சு முழுக்க நிறமி கலந்தது. பால்போல் வெள்ளையாக வந்தால் மேலே இருப்பது நிறமில்லாத அடுக்கு, கறுப்பு அதற்கும் கீழே. வெள்ளையாக வந்துகொண்டிருந்தது திடீரென்று கறுத்தால் உடனே நிறுத்துங்கள். மேலடுக்கு அங்கே தீர்ந்துவிட்டது.

விரிசல், திருகுத் துளை, மரம் தெரியும் சில்லு இருக்கும் இடங்களில் தண்ணீர் கூடாது. மரம் ஊறி உப்பிப் பூச்சை மேலே தள்ளும். அங்கே உலர்தாள்தான்.

மூடியின் விளிம்பில் சில்லு பெயர்ந்து மரம் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

அதிகம் வரும் பழுது இதுதான். தேவையானவை: பியானோ பழுதுக்கென்று விற்கும் கறுப்புப் பாலியெஸ்டர் ரெசின் அல்லது பேஸ்ட், அதை இறுகவைக்கும் ஹார்டனர், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, தெளிவான பாலியெஸ்டர் ஷீட், மாஸ்கிங் டேப், புது பிளேடு, உப்புத்தாள்கள்.

முதலில் சுத்தம். ஆண்டுக்கணக்கில் அடித்த பாலிஷ் ஸ்பிரேயின் சிலிக்கோன் மேலே இருந்தால் எதுவும் பிடிக்காது. ஒயிட் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் வழித்தெடுங்கள். ஒரே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தால் சிலிக்கோன் இடம் மாறுமே தவிரப் போகாது. இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

அடுத்து, சில்லின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பூச்சு மரத்தை விட்டுக் கொஞ்சம் தூக்கியிருந்தால் அங்கே வெண்மையான வளையம் தெரியும். அது உள்ளே காற்று புகுந்த, நுண்விரிசல் விழுந்த பகுதி. கூரான உளியாலோ பிளேடு முனையாலோ அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். சில்லு பெரிதாகிறதே என்று மனம் கேட்காமல் அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். அந்த வெள்ளை வளையம் நிரப்பிய பின்னும் அப்படியே தெரியும். உறுதியாகப் பிடித்திருக்கும் பூச்சு வந்ததும் 180 அல்லது 220 தாளால் ஓரத்தைச் சரிவாக்குங்கள். செங்குத்தான ஓரம் இருந்தால் பழுதைச் சுற்றி ஒரு கோடு நிரந்தரமாக நிற்கும்.

கீழே தெரியும் மரத்துக்குக் கறுப்பு ஸ்டெயின் (மரச்சாயம்) கொடுத்து முழுக்க உலரவிடுங்கள். ரோஸ்வுட்போல எண்ணெய்ப்பசை உள்ள மரமாக இருந்தால் பாலியெஸ்டர் அதன்மேல் இறுகாது. முதலில் அதற்கான பாலியுரேத்தேன் ஐசோலேட்டர் (மரத்தின் எண்ணெயைத் தடுக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட் கொடுக்க வேண்டும்.

பிறகு அணை கட்ட வேண்டும். மூடியின் பக்கவாட்டு முகத்தில் பாலியெஸ்டர் ஷீட்டின் ஒரு பட்டையை நிறுத்தி, மேல்மட்டத்தைவிட 1 மி.மீ. உயரமாக இருக்கும்படி டேப்பால் ஒட்டுங்கள். மூலையாக இருந்தால் இரண்டு பக்கமும் பட்டை வேண்டும். பூச்சின் மேலும் சில்லைச் சுற்றி 2 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ரெசினையும் ஹார்டனரையும் குமிழி வராமல் மெதுவாக ஒரு நிமிடம் கலக்கி, சில்லின் ஆழ்ந்த ஓரத்திலிருந்து விட்டுக்கொண்டே வாருங்கள். மட்டத்துக்கு அரை மில்லிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். குமிழி தெரிந்தால் ஊசியால் குத்துங்கள். மேலே ஒரு ஷீட்டை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து இறக்கி மூடுங்கள். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டால் பாலியெஸ்டரின் மேற்பரப்பு இறுகாது; மூடுவது அதற்காகத்தான். மெழுகு கலந்த ரெசின் என்றால் மெழுகே மேலே மிதந்து அந்த வேலையைச் செய்யும், ஷீட் கட்டாயமில்லை. ஆனால் அதன்மேல் இன்னொரு அடுக்கு விடவேண்டி வந்தால் மெழுகைத் தேய்த்தெடுத்த பிறகே விட வேண்டும்.

கெட்டியானதும் ஷீட்டையும் டேப்பையும் எடுத்துவிட்டு, மட்டமாக்கும் முன் குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். 2 மி.மீ.க்கு மேல் ஆழமென்றால் ஒரு வாரம்.

மட்டமாக்க பிளேடுதான் சிறந்தது. புது பிளேடின் இரண்டு முனைகளிலும் செல்லோ டேப்பை ஒரு சுற்று சுற்றி, நடுவில் பழுதின் அகலத்துக்கு மட்டும் வெறுமனே விடுங்கள். பிளேடைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து உங்களை நோக்கி இழுத்தால் டேப் பழைய பூச்சின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். மேடாக நிற்கும் புதிய ரெசின் மட்டும் சுருள் சுருளாக வரும். டேப்பின் தடிமனுக்கு மேடு இருக்கும்போதே சுருள் வருவது நின்றுவிடும். அதன்பிறகு கட்டையில் சுற்றிய 600 தாள், அங்கிருந்து 800, 1000 என்று 2000 வரை. 600 பழுதின்மேல் மட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள்.

மட்டமாகிவிட்டதா என்று விரல் சொல்லாது, டியூப்லைட் சொல்லும். 2000 முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தலையைத் தாழ்த்தி, டியூப்லைட்டின் பிம்பம் பழுதின் குறுக்கே ஓடும்படி பாருங்கள். பிம்பம் நேராக ஓடினால் சரி. அந்த இடத்தில் நெளிந்தால் பள்ளமோ மேடோ இருக்கிறது. இந்தக் கட்டத்தில் திருத்துவது சுலபம். பாலிஷுக்குப் பிறகு கண்டுபிடித்தால் இரண்டு வேலை.

ஹார்டனர் எவ்வளவு?

ஆக்ஸிலரேட்டர் (இறுகுவதை விரைவாக்கும் பொருள்) ஏற்கெனவே கலந்து வரும் ரெசினுக்கு எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்ஸைடு) ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. 10 கிராம் ரெசினுக்கு 0.1 முதல் 0.2 கிராம். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி. சொட்டுக் கணக்கு நம்பகமில்லை. சொட்டின் அளவு பாட்டில் மூக்குக்கு மூக்கு மாறும். 5 கிராமுக்குக் குறைவாகக் கலக்கினால் தராசின் பிழையே விகிதத்தைக் கெடுத்துவிடும். மீந்தாலும் பரவாயில்லை, 10 கிராமாகவே கலக்குங்கள்.

சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாக விட்டால் சூடேறி, நொறுங்கும் தன்மையோடு இறுகும். ஓரத்தில் விரிசலும் வரலாம். குறைத்துவிட்டால் உள்ளே என்றுமே முழுக்க இறுகாது. 25 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் கையாள நேரம் கிடைக்கும் கலவை, மே மாத மதியத்தில் 35 டிகிரியில் அதில் பாதி நேரத்திலேயே கட்டிதட்டும். நம் ஊர்க் கோடையில் காலை ஆறேழு மணிக்குக் கலக்குவது நல்லது. மலையூர்களில் 18 டிகிரிக்குக் கீழே போனால் அறையைச் சூடாக்காமல் தொடங்க வேண்டாம்.

தெர்மோகோல் கப்பிலும், மெல்லிய பார்ட்டி பிளாஸ்டிக் கப்பிலும் கலக்காதீர்கள். ரெசினில் உள்ள ஸ்டைரீன் அவற்றைக் கரைத்துவிடும். மெழுகு பூசாத காகிதக் கப் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தேன். ஒரு மாதத்தில் பழுது குழிந்துவிட்டதே?

பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். முதல் சில மணி நேரத்தில் பெரும்பகுதி சுருங்கினாலும் மீதி நாட்கணக்கில் நடக்கும். நேற்று நிரப்பி இன்று பாலிஷ் செய்தால், பஃபிங் (மெஷினால் மெருகேற்றும்) சூட்டில் அது இன்னும் கொஞ்சம் இறுகிச் சுருங்கி, மட்டத்துக்குக் கீழே போய்விடும். திருத்த ஒரே வழி அந்த இடத்தை 320 தாளால் சொரசொரப்பாக்கி, மெல்லிய அடுக்கு விட்டு, இந்தத் தடவை ஒரு வாரம் பொறுப்பது. ஆழமான சில்லை ஒரே ஊற்றில் நிரப்பாமல் இரண்டு அடுக்காக நிரப்பினால் இரண்டாவது அடுக்கின் சுருக்கம் மிகக் குறைவாக இருக்கும்.

மேலே பிசுபிசுப்பு மட்டும் இருந்து உள்ளே கெட்டியாக இருந்தால் காற்று பட்டிருக்கிறது; பிளேடால் சீவினால் நல்ல பாகம் வரும். உள்ளேயும் ரப்பர்போல் இருந்தால் ஹார்டனர் குறைவு அல்லது கலக்கியது போதவில்லை. முழுவதையும் சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

தேய்க்கும்போது திறந்துகொள்ளும் ஊசித்துளைகளுக்குக் கறுப்பு சயனோஅக்ரிலேட் பசை (ஃபெவிக்விக் வகை) ஒரு துளி போதும்.

ஃபெவிக்விக், அரால்டைட், கார் பட்டி, நெயில் பாலிஷ்: இவற்றில் ஏதாவது போதாதா?

சயனோஅக்ரிலேட் பசை, அதாவது ஃபெவிக்விக் வகை, 2 மி.மீ. அகலத்துக்கு உட்பட்ட சின்னச் சில்லுக்கு நன்றாகவே வேலை செய்யும். கெட்டியான கறுப்பு வகை கிடைத்தால் அதுவே சிறந்தது. நிறமில்லாததைப் போடுவதென்றால் கீழே கறுப்பு ஸ்டெயின் கொடுத்துவிட்டு, மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் தானாகக் காய்ந்தபின் அடுத்தது. சமையல் சோடா தூவிச் சட்டென இறுக்குவது மேஜை நாற்காலிக்குச் சரி. கறுப்புப் பியானோவில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

அரால்டைட் போன்ற எப்பாக்ஸியில் ஐந்து நிமிட வகை பஃபிங் சூட்டில் இளகி இழுபடும். மெதுவாக இறுகும் வகை பரவாயில்லை, ஆனால் பாலியெஸ்டரைவிட மென்மையானது. தேய்க்கும்போது அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேயும். கார் பட்டியும் பாலியெஸ்டர்தான், ஆனால் அதில் டால்க் பொடி நிறைய இருப்பதால் எத்தனை தேய்த்தாலும் மின்னாது. பியானோ காலின் அடிப்பகுதியில் பெரிய துண்டே போய்விட்டால் முக்கால் ஆழத்தைப் பட்டியால் நிரப்பி மேலே கறுப்பு ரெசின் விடலாம். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. நெயில் பாலிஷும் மார்க்கர் பேனாவும் நாளை கச்சேரி என்றால் ஒருநாள் மறைப்புக்கு உதவும்.

பெயர்ந்த துண்டு கையில் இருக்கிறது.

தூக்கிப் போடாதீர்கள், துடைக்கவும் செய்யாதீர்கள். அது உடைந்த இடத்தில் அச்சாக உட்காரும். இரண்டு முகத்திலும் ஒட்டியிருக்கும் மரநாரைத் தொந்தரவு செய்யாமல், சயனோஅக்ரிலேட்டை மெல்லியதாகத் தொட்டு, இடம் பார்த்து ஒரே தடவையில் அழுத்தி, ஒரு நிமிடம் பிடியுங்கள். சுற்றியுள்ள மயிரிழைக் கோட்டை மட்டும் நிரப்பினால் போதும். எந்த நிரப்பையும்விட இது நன்றாக இருக்கும்.

தேய்த்துக்கொண்டே போனதில் விளிம்பில் மரம் தெரிந்துவிட்டது.

பூச்சு மிக மெல்லியதாக இருப்பது விளிம்பில்தான். உப்புத்தாளும் பஃபிங் சக்கரமும் அதிகம் அழுத்துவதும் அங்கேதான். முன்கூட்டியே விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கடைசி 1500, 2000 தாள்களுக்கு மட்டும் அதை எடுப்பது பழக்கமாக வேண்டும். தெரிந்துவிட்டது என்றால், மயிரிழை அளவுக்குக் கறுப்பு ஸ்டெயினும் அதன்மேல் சயனோஅக்ரிலேட்டும் போதும். விரல் நீளத்துக்கு மேல் போய்விட்டால் அந்தப் பலகை முழுவதற்கும் புதிதாக ஸ்பிரே செய்வதே நேர்மையான தீர்வு.

ஒரு நீளமான விரிசல் தெரிகிறது. சில இடத்தில் பூச்சு தூக்கியிருக்கிறது.

விரிசலைப் பார்த்தவுடன் நிரப்பத் தோன்றும். முதலில் அது ஏன் வந்தது என்று பாருங்கள். இரண்டு மரத்துண்டுகள் சேரும் மூட்டின்மேலேயே நேர்கோடாக ஓடினால் கீழே மரம் அசைகிறது. மூட்டை இறுக்காமல் மேலே நிரப்பினால் அடுத்த வறட்சியில் அதே இடத்தில் திரும்ப வரும். கடலோர ஊர்களில் வெளிக்காற்றில் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல், ஏ.சி. அறையில் அது வெகுவாக இறங்கும். பாட நேரத்தில் மட்டும் ஏ.சி. போட்டு மற்ற நேரம் அணைத்துவைக்கும் அறைகளில் மரம் தினமும் ஏறி இறங்கும். ஒரே அளவு ஈரம் நிலைத்திருப்பது பூச்சுக்கும் நல்லது, சுதிக்கும் நல்லது.

கீல் திருகைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல் வந்தால் திருகு அதிகமாக முறுக்கப்பட்டிருக்கிறது. பாலியெஸ்டர் பலகையில் திருகு போடும்போது பூச்சின் அளவுக்குத் துளையை அகலப்படுத்திக்கொள்ள வேண்டும். திருகின் மரை பூச்சைத் தொடவே கூடாது.

நின்றுபோன விரிசல் என்று உறுதியானால் கூரான முனையால் 1 மி.மீ. அகலத்துக்கு வாய்க்கால்போல் திறந்து, இரண்டு முனைகளிலும் விரிசல் முடிந்த இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அப்பால் வரை கொண்டுபோய், சில்லுக்குச் சொன்னபடி நிரப்புங்கள். தூக்கிய பூச்சை நகத்தால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். காசு அளவுக்குள் இருந்தால் ஓரத்தில் தண்ணீர்போன்ற மெல்லிய சயனோஅக்ரிலேட்டை விட்டு, அது உள்ளே ஓடியதும் ஷீட் வைத்து அழுத்துங்கள். பெரிதாக இருந்தால் வெட்டியெடுத்து நிரப்புவதுதான்.

வெள்ளைப் பியானோ, மரநிறப் பியானோவுக்கும் இதே முறையா?

முறை இதேதான், கடினம் பல மடங்கு. மரநிறப் பியானோவில் நிறம் வெனீரிலும் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) ஸ்டெயினிலும் இருக்கிறது, மேலே இருப்பது நிறமில்லாத ரெசின். சில்லுக்குள் தெரியும் மரத்துக்கு நுண்தூரிகையால் நிறமும் ரேகையும் சேர்த்துவிட்டு, தெளிவான ரெசின் விட வேண்டும். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம்தான் கடைசியில் தெரியப்போகும் நிறம். உலர்ந்த ஸ்டெயினைப் பார்த்து ஒப்பிட்டால் தவறிவிடும். வெள்ளைப் பூச்சு ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறும். டப்பா வெள்ளையில் மஞ்சளும் கறுப்பும் ஊசிமுனை அளவு சேர்த்து, ஒரு சின்னப் பலகையில் இறுகவைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்ட பிறகே தொடங்குங்கள்.

பஃபிங் மெஷின் எப்படிப் பயன்படுத்துவது?

வேகம் மாற்றக்கூடிய ரோட்டரி பாலிஷர், நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று. 2000 தாள் முடிந்த பரப்பில் முதலில் கம்பளிப் பட்டையும் வெட்டும் காம்பவுண்டும், பிறகு நுரைப் பட்டையும் நுண்பாலிஷும். இரண்டுக்கும் ஒரே பட்டை கூடாது. ஒரே இடத்தில் நிற்காதீர்கள். உள்ளங்கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புக்கு மேல் சூடு தெரியக் கூடாது. சூடேறினால் பூச்சு இளகி இழுபடும், பழுதின் ஓரம் தலைகாட்டும். விளிம்புக்கு வரும்போது சக்கரம் பலகையிலிருந்து வெளியே சுழல்கிறதா என்று பாருங்கள். உள்நோக்கிச் சுழன்றால் விளிம்பைக் கடித்துவிடும். விசைப்பலகை மூடியில் இருக்கும் பெயரெழுத்தின்மேல் மெஷினைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பாகத்தைக் கழற்றித்தான் செய்ய வேண்டுமா?

முடிந்தவரை கழற்றுங்கள். தேய்த்த தூசி உள்ளே, விசையை அழுத்தினால் கம்பியைத் தட்டும் இயங்குபாகமான ஆக்‌ஷனில் இறங்கினால் பூச்சுப் பழுதைவிடப் பெரிய செலவு. நிமிர்ந்த பியானோவில் மேல்முகப் பலகை உள்பக்கம் இரண்டு கொக்கிகளால் பிடித்திருக்கும். கீழ்ப் பலகை விசைப்பலகைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் தகட்டால். கிராண்ட் பியானோவின் (கிடைமட்டமான பெரிய வகை) மூடிக்கு இரண்டு ஆள் கட்டாயம்; கீலின் ஊசிகளை உருவும்போது ஒருவர் அதன் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கழற்ற முடியாத இடம் என்றால் கம்பிகள், ஆக்‌ஷன், விசைகள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஓரங்களை டேப்பால் அடைத்தபின் தொடங்குங்கள்.

ஆபத்து என்ன?

ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதன் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கோபால்ட் ஆக்ஸிலரேட்டர் தனியாக வாங்கியிருந்தால் அதை ஹார்டனருடன் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட், நன்றாகக் கலந்தபின் ஹார்டனர். ஸ்டைரீன் வாடைக்குத் துணி முகமூடி போதாது. கரிம ஆவி வடிகட்டி உள்ள மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும் வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மீந்த கலவை கப்பில் கட்டியாகக் கிடந்தால் புகையும் அளவுக்குச் சூடாகும். ஒரு டைல்ஸ் துண்டில் மெல்லியதாகப் பரப்பி, இறுகியபின் குப்பையில் போடுங்கள்.

பழுது முடிந்தபின் எப்படித் துடைப்பது? வாக்ஸ் போடலாமா?

மெல்லிய இறகுத் துடைப்பத்தால் தூசியைத் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈர மைக்ரோஃபைபர் துணி, உடனே உலர்ந்த ஒன்று. கைரேகைக்குத் துணியில் ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் சேர்த்தால் போதும். ஸ்பிரேயை நேரடியாகப் பியானோமேல் அடிக்காதீர்கள். பாலியெஸ்டருக்கு வாக்ஸ் தேவையில்லை. சிலிக்கோன் உள்ள பளபளப்பு ஸ்பிரே அடுத்த பழுதைக் கெடுக்கும். அது காற்றில் மிதந்து, கம்பிகளை இறுக்கும் ட்யூனிங் பின்கள் இறங்கியிருக்கும் கட்டைக்குள் போனால் பின்கள் வழுக்கிச் சுதி நிற்காது.

எப்போது நானே செய்யாமல் ஆளைக் கூப்பிடுவது?

சில்லு கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது, அதுவும் காலிலோ பெஞ்சிலோ பின்பக்கத்திலோ என்றால் துணிந்து செய்யுங்கள். கிராண்டின் மூடி நடுவிலும் விசைப்பலகை மூடியின் முகத்திலும் வெளிச்சம் நேராக விழும். அங்கே நிரப்பு வேலை இருந்தால் பாலியெஸ்டரில் பழகிய கையிடம் கொடுப்பது நல்லது. கார் பெயிண்டரிடம் கொடுப்பதென்றால் ஒன்றைக் கேளுங்கள்: பாலியெஸ்டரை நிரப்பித் தேய்ப்பாரா, மேலே பாலியுரேத்தேன் கோட் அடிப்பாரா? இரண்டாவது என்றால், தொழிற்சாலைப் பூச்சின் தட்டையான பிம்பம் போய், ஆரஞ்சுத் தோல் அலை வந்துவிடும். பிறகு அதையும் சேர்த்துத் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும்.